ஜெனீவாவில் கொடுத்த வாக்கை ஜுக்கி வாசலில் கேட்பது எப்படி

2025 ஜூன் 1 அன்று டெல்லி ஜங்புராவில், தமிழர்களின் ஜுக்கிகள் (குடிசைகள்) நிறைந்த மதராசி கேம்ப் இடிபட்டது. அதற்கு முன் நடந்த கணக்கெடுப்பில் இருந்த 370 வீடுகளில் 189க்குத்தான் நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி என்று சொல்லியிருந்தார்கள். அதிலிருந்து டெல்லித் தமிழர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதையெல்லாம் ஐநாவில் சொல்ல முடியாதா?" சொல்லலாம், ஆனால் அது கடைசிப் படி. முதல் படி, நம் அரசு அங்கே போய் என்ன வாக்குக் கொடுத்தது என்று தெரிந்துகொள்வது.

வீட்டு விஷயத்துக்கு வேண்டியது பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான உடன்படிக்கை. இந்தியா அதில் 1979 ஏப்ரல் 10 அன்று சேர்ந்தது. அதன் 11வது பிரிவு வீட்டு உரிமையைச் சொல்கிறது. அதற்கு விளக்கமாக ஐநா குழு 1997இல் வெளியிட்ட ஏழாவது பொதுக் கருத்துரையை அவசியம் படியுங்கள், சில பக்கம்தான்: வெளியேற்றும் முன் மக்களோடு பேச வேண்டும், போதிய அவகாசம் கொடுத்து நோட்டீஸ் தர வேண்டும், மோசமான வானிலையிலும் ராத்திரியிலும் இடிக்கக் கூடாது, யாரும் வீடில்லாமல் தெருவில் நிற்கக் கூடாது என்று வரிசையாக இருக்கிறது. உங்கள் பஸ்தியில் (குடிசைப் பகுதியில்) இதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள். பாதி மனு அதிலேயே தயார்.

ஒரு எச்சரிக்கை. கையெழுத்து வேறு, ஒப்புதல் வேறு. சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையெழுத்துப் போட்டது, இன்னும் ஒப்புதல் தரவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்தும் கல்யாணத் தேதி குறிக்காமல் இழுக்கிற கதைதான். போலீஸ் அடித்த விஷயத்தில் அந்த உடன்படிக்கையை நம்பி மனு எழுதாதீர்கள், அரசியலமைப்பின் 21வது பிரிவையும் கைது செய்யும்போது போலீஸ் எப்படி நடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதி வகுத்த 1996 டி.கே.பாசு தீர்ப்பையும் முன்னால் வையுங்கள்.

அடுத்து, ஐநா மனித உரிமை மன்றம் நாடுகளைச் சுற்று முறையில் உட்காரவைத்து மற்ற நாடுகளைவிட்டுக் கேள்வி கேட்கவைக்கும் ஆய்வு (ஆங்கிலத்தில் UPR). இந்தியாவின் நான்காவது சுற்று 2022 நவம்பரில் நடந்தது. 339 பரிந்துரைகள் வந்தன, 221ஐ ஏற்றுக்கொண்டது, மிச்சத்தைக் 'குறித்துக்கொண்டது'. குறித்துக்கொள்வது என்றால் நம்ம பாஷையில் 'பார்க்கலாம்', அதாவது ஆகாது. ஆகவே ஏற்றுக்கொண்ட பட்டியலை மட்டும் தேடி, உங்களுக்குப் பொருந்துகிற பரிந்துரையின் எண்ணைக் குறித்து வையுங்கள். 2026 முதல் 2028 வரை அந்த மன்றத்தில் இந்தியாவும் உறுப்பினர். வேட்பாளராக நிற்கிற நாடுகள் உறுதிமொழி எழுதிக்கொடுப்பது வழக்கம், அதையும் எடுத்துப் பாருங்கள்.

சரி, இதை எங்கே காட்டுவது? நீதிமன்றத்தில் ஐநா காகிதத்தை மட்டும் நீட்டினால் வேலைக்காகாது, உடன்படிக்கை இங்கே தானாகச் சட்டமாகிவிடாது. ஆனால் 1997 விசாகா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெண்களுக்கான ஐநா உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்துத்தான் பணியிடப் பாலியல் தொல்லைக்கு விதிமுறை வகுத்தது. குடிசை அகற்றலுக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தின் சுதாமா சிங் தீர்ப்பும் (2010) அஜய் மாக்கன் தீர்ப்பும் (2019) இருக்கின்றன. முதலில் இவை, அப்புறம் 11வது பிரிவு என்று வரிசைப்படுத்துங்கள். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு.

டெல்லிக்குத் தனி மாநில மனித உரிமை ஆணையம் கிடையாது, நேராகத் தேசிய ஆணையம்தான். கட்டணம் இல்லை, புகாரை இணையத்திலேயே போடலாம், எட்டாவது அட்டவணை மொழி எதிலும் எழுதலாம் என்பதால் தமிழிலும் தாராளமாக எழுதலாம். சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள் போட வேண்டும், அதே விஷயம் கோர்ட்டில் இருந்தால் எடுக்க மாட்டார்கள். ஆணையம் பரிந்துரைதான் செய்யும், உத்தரவு போடாது. அதன் மேலும் விமர்சனம் உண்டு, உலக அளவிலான தரச்சான்றுப் புதுப்பிப்பு 2023, 2024 என்று இரண்டு முறை தள்ளிப்போனது. இருந்தாலும் போடுங்கள், டைரி எண் ஒன்று கையில் இருப்பது பின்னால் உதவும். நான் எழுதிய முதல் புகார் ஆறு பக்கம், அதில் அம்பேத்கர் இருந்தார், ஐநா இருந்தது, சம்பவம் நடந்த தேதி மட்டும் இல்லை. யார், எப்போது, எங்கே, என்ன செய்தார், என்ன வேண்டும். ஒரு பக்கம் போதும்.

தகவல் உரிமை மனு மட்டும் இங்கே தமிழில் செல்லாது, ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுத வேண்டும். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். குறித்து வைத்தீர்களே, அந்தப் பரிந்துரை எண்ணைப் போட்டு, அதன்மேல் எடுத்த நடவடிக்கைக் கோப்பின் நகல் வேண்டும் என்று கேளுங்கள்.

இப்போது ஐநா. தனிநபர் நேராகப் புகார் செய்ய வழிவிடும் 'விருப்ப நெறிமுறை' என்ற கூடுதல் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, அதனால் ஐநாவின் மனித உரிமைக் குழுவில் நீங்கள் வழக்குப் போட முடியாது. போட்டுத்தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். திறந்திருக்கிற கதவு, ஐநா நியமிக்கிற தனி நிபுணர்களான சிறப்பு அறிக்கையாளர்கள், வீட்டு உரிமைக்கென்றே ஒருவர் உண்டு. அவருக்கு எழுத உள்ளூர்ச் சட்ட வழியெல்லாம் முடிந்திருக்க வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவரின் சம்மதம் வாங்கி இணையப் படிவத்தில் அனுப்பினால், எடுத்துக்கொண்ட பட்சத்தில் அரசுக்குக் கடிதம் போகும், பொதுவாக அறுபது நாளுக்குப் பிறகு அது வெளியிடப்படும்.

ஐநாவையே சீர்திருத்தணும் என்று நம் அரசு நியூயார்க்கில் விடாமல் பேசுகிறது, நியாயம்தான். பாதுகாப்பு மன்றம் கடைசியாக 11 பேரிலிருந்து 15 பேரானது 1965இல். இனி மாற்றவும் 193 நாடுகளில் மூன்றில் இரண்டு பங்கும், நிரந்தர ஐவர் மொத்தமும் ஒப்புதல் தர வேண்டும். அதை அவர்கள் பார்க்கட்டும். நாம் பார்க்க வேண்டியது 2027இல் தொடங்கும் அடுத்த ஆய்வுச் சுற்று. பதிவு பெற்ற உங்கள் தமிழ்ச் சங்கமே அறிக்கை அனுப்பலாம், ஐநா அந்தஸ்து எதுவும் தேவையில்லை. சென்ற சுற்றில் தனி அமைப்புக்கு 2,815 வார்த்தை வரம்பு.

அதற்கு ஆதாரத்தை இன்றே சேர்த்து வையுங்கள். நோட்டீஸை ஒட்டிய சுவரோடு, தேதி தெரியப் படம் எடுங்கள். டெல்லியின் மறுகுடியேற்றக் கொள்கையில் 2015 ஜனவரி 1 தான் எல்லை நாள் என்பதால், அதற்கு முந்தைய வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.