ஸ்டோயிக் தத்துவம்: பழகத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கி.மு. 300 வாக்கில் ஏதென்ஸில் ஜீனோ தொடங்கிவைத்தது ஸ்டோயிக் தத்துவம். நம் கையில் இருப்பதைச் சரியாகச் செய், மற்றதற்காக நிலைகுலையாதே என்பது அதன் சாரம். அதைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் பழகுவது, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதைத்தான். யாராவது அவமானப்படுத்தினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டால் போதும் என்று நினைப்பு.

ரோம ஸ்டோயிக் எழுத்தாளரான செனெக்கா இதை ஏற்கமாட்டார். திடுக்கிடுவது, முகம் வெளுப்பது, உடம்பு நடுங்குவது எல்லாம் நம்மைக் கேட்காமல் வரும் முதல் அசைவுகள், அவை இன்னும் கோபமோ பயமோ ஆகிவிடவில்லை என்பது அவர் கருத்து. ‘எனக்கு அநியாயம் நடந்துவிட்டது, பதிலுக்குப் பதில் செய்தே தீரணும்’ என்ற எண்ணத்துக்கு மனம் தலையாட்டும்போதுதான் கோபம் பிறக்கிறது. பிடிக்க வேண்டிய இடம் அந்தத் தலையாட்டல். நடுக்கத்தை அடக்க மல்லுக்கட்டுவது வீண் வேலை.

‘என் கையில் எதுவும் இல்லை’ என்று சும்மா இருந்துவிடுவது இன்னொரு தவறு. நம் எண்ணமும் விருப்பு வெறுப்பும் நம்முடையவை. உடம்பு, சொத்து, பேர், பதவி அப்படியல்ல என்றார், அடிமையாகப் பிறந்து ஸ்டோயிக் ஆசிரியரான எபிக்டெட்டஸ். சரி, வேலை கிடைப்பது என் கையில் இல்லையென்றால் நேர்முகத் தேர்வுக்கு எதற்குத் தயாராக வேண்டும்? ஸ்டோயிக்குகள் இதற்கு வில்லாளியைக் காட்டுவார்கள். குறி பார்த்துச் சரியாக எய்ய ஆனதையெல்லாம் செய்வது அவன் பொறுப்பு. அம்பு போய்த் தைப்பது அவன் பொறுப்பல்ல. ஆகவே தயாரிப்பு முழுக்க நம் தலையில்தான். ஸ்டோயிக்கான மார்கஸ் அரேலியஸ் கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசை ஆண்டவர். கொள்ளைநோயும் எல்லைப் போரும் சூழ்ந்த காலம் அது. அவர் ஒதுங்கி உட்காரவில்லை.

பணமும் ஆரோக்கியமும் வேண்டாதவை என்று நினைப்பதும் பிழை. கிடைத்தால் நல்லதுதான்; ஒருவரை நல்லவராக்குவது அவை அல்ல, அவ்வளவே. செனெக்காவே பெரும் பணக்காரர்.

துக்கத்தில் இருப்பவரிடம் போய்த் தத்துவம் பேசுவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பேன். அழுகிறவருக்கு ஆறுதல் சொல்லத் தயங்காதே, தேவைப்பட்டால் சேர்ந்து புலம்பு, உள்ளுக்குள் மட்டும் நிலைகுலையாதே என்கிறார் எபிக்டெட்டஸ். இந்தப் பயிற்சி நமக்கு. அடுத்தவரை அளக்க அல்ல.

கெட்டது நடக்கலாம் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்கும் பயிற்சியைச் சிலர் ராத்திரி முழுக்க நீட்டிக் கவலையாக்கிக்கொள்கிறார்கள். எபிக்டெட்டஸின் உதாரணம் மிகச் சின்னது: பொதுக் குளியலிடத்துக்குப் போகிறாயா, அங்கே தண்ணீரை வாரியடிப்பார்கள், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள், குளிக்கவும் வேண்டும், மனதையும் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு போ. அரை நிமிட வேலை. அதற்கு மேல் நீண்டால், எழுந்து வேறு வேலையைப் பார்க்கலாம்.