விழித்திரைப் பட ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் இறுதியாண்டு ஆய்வுக்கு நீரிழிவு விழித்திரை நோயை எடுத்து, கண் படத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கக் கணினி மாடலைப் பழக்கும் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். சீனி வருத்தம் எட்டிப் பார்க்காத குடும்பம் இங்கே அரிது என்பதால் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் தொடக்கத்தில் நான் சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் சறுக்குகிறார்கள். கோட் ஓடாவிட்டால் உடனே தெரிந்துவிடும், அதை விடுகிறேன். ஓடியபின்னும் தெரியாதவற்றைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரே ஆள் இரண்டு பக்கமும்

போன முறை ஒரு தம்பி மடிக்கணினியைத் திறந்து காட்டினார். சோதனை முடிவு அபாரம். எடுத்தவை, காகிள் என்ற இணையத்தளத்தில் 2015இல் நடந்த போட்டிக்கு வெளியிட்ட ஐபேக்ஸ் விழித்திரைப் படங்கள். சோதனை ஃபோல்டரில் முதல் கோப்பின் பெயர் '10_லெஃப்ட்', அதாவது 10ஆம் ஆளின் இடது கண்.

"இந்த ஆளின்ர மற்றக் கண் எங்க தம்பி?"

"அது ட்ரெயினிங்கில கிடக்கும் சேர்."

அவ்வளவுதான், அந்த முடிவை இனி நம்ப முடியாது. ஒருவருக்கு இரு கண்ணிலும் நோயின் நிலை பெரும்பாலும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ இருக்கும். விழித்திரையின் நிறம், கமரா, வெளிச்சம் எல்லாம் ஒன்று. வலது கண்ணைப் பார்த்துப் படித்த மாடலிடம் இடது கண்ணைக் கேட்பது, விடையைக் காட்டிவிட்டுப் பரீட்சை வைப்பது போல. நோயாளி வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டியதும் எண் இறங்கியது. தம்பியின் முகமும் வாடியது. ஆய்வேட்டில் பாதியைத் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

ஒரே ஆளின் படங்களை ஒரே பக்கத்தில் வைத்துப் பிரிக்க, சைக்கிட்-லேர்ன் என்ற பைதன் நூலகத்தில் 'குரூப் கே-ஃபோல்ட்' இருக்கிறது. ஒரே வரி. இருந்தும் வருடாவருடம் இதையே பார்க்கிறேன், வருடாவருடம் எரிச்சல்தான் வருகிறது.

உள்ளூர்ப் படங்களில் இது இன்னும் சிக்கல். கிளினிக் கொப்பி தொலைந்தால் புதுக் கொப்பி, புது இலக்கம். அதே அம்மா ஆறு மாதம் கழித்து வந்தால் பட்டியலில் வேறொரு ஆள். அவருடைய பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒருவிதமாக எழுதுவார், அடுத்தவர் வேறுவிதமாக. ஆகவே பெயர்களை நீக்குவதற்கு முன்பே, கிளினிக்குக்கு உள்ளேயே, பிறந்த திகதியையும் பாலினத்தையும் வைத்து ஆட்களை ஒன்றுசேர்த்துவிட வேண்டும். பிறகு ஆளுக்கு ஒரு மறைகுறி கொடுங்கள். படத்துக்கு ஒன்று கொடுத்தால் யார் யாரென்று பிறகு கண்டுபிடிக்க வழியே இராது. சந்தேகம் வந்தால் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து, பார்வை நரம்புத் தட்டிலிருந்து இரத்தக்குழாய்கள் கிளைக்கும் விதத்தைப் பாருங்கள். அது கைரேகைபோல ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

பொதுத் தரவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். ஏப்டோஸ் 2019 என்ற இன்னொரு விழித்திரைப் படத் தொகுப்பில் ஒரே படம் இரு தடவை, அதுவும் வேறு வேறு நோய்த் தரத்தோடு கிடக்கிறது.

துல்லியத்தை மட்டும் சொல்லுதல்

ஐபேக்ஸ் பயிற்சித் தொகுப்பின் 35,126 படங்களில் 25,810 நோயில்லாதவை. எல்லோருக்கும் "நோய் இல்லை" என்று சொல்லும் மாடலே 73 சதவீதம் எடுத்துவிடும். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டது என்று தனித்தனியாக எழுதுங்கள்.

படத்தை 224 பிக்சலுக்குச் சுருக்குதல்

மைக்ரோஅனியூரிசம், அதாவது நுண்ணிய இரத்தக்குழாயில் வரும் சின்னஞ்சிறு புடைப்பு, காணாமல் போய்விடும்.

ஒரே மருத்துவரின் தரப்படுத்தல்

இதே நோயைப் பற்றி 2016இல் வெளிவந்த கூகுள் ஆய்வில் ஒவ்வொரு பயிற்சிப் படத்தையும் 3 முதல் 7 தடவை தரம் பிரித்தார்கள், 54 மருத்துவர்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனாலும் ஒரு பகுதியையாவது இன்னொருவரிடம் கொடுத்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று பாருங்கள்.

மூலையில் நோயாளியின் பெயர்

முதல் வேலையாக அழியுங்கள்.

மங்கல் படங்களை ஓசைப்படாமல் தூக்கிப்போடுதல்

விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கூகுளின் கருவியைத் தாய்லாந்துக் கிளினிக்குகளில் பயன்படுத்திப் பார்த்தபோது, முதல் ஆறு மாதத்தில் எடுத்த 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கருவி ஏற்கவில்லை. அறை இருட்டாக இல்லாதது ஒரு காரணம். மூதூரிலிருந்து பஸ் ஏறி வரும் ஒரு வயோதிபருக்குக் கண்புரையும் இருந்தால் படம் மங்கலாகத்தான் வரும். அவரைத் தரவிலிருந்து நீக்கினால் உங்கள் எண் அழகாகும், அவருக்கு ஒரு பயனும் இல்லை. எத்தனை படங்களை, எதற்காக நீக்கினீர்கள் என்று ஆய்வேட்டின் முறைகள் பகுதியிலேயே எழுதுங்கள். தரம் பிரிக்க முடியாத கண்ணை "நோய் இல்லை" என்ற பக்கம் தள்ளாமல், மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய கண்ணாகக் கணக்கில் எடுங்கள்.