வேர்ட்பிரஸ் பலதளப் பிணையம்: மேம்படுத்தலுக்குப் பின் வரும் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி?

இணையதளங்களை உருவாக்கி நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸின் ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் 'பலதளப் பிணைய' வசதி, 2010 ஜூனில் வந்த 3.0 பதிப்பில்தான் மூல நிரலோடு இணைக்கப்பட்டது. அதற்கு முன் அது தனி மென்பொருளாக இருந்தது. இந்த அமைப்பில் நிரல் கோப்புகள், கூடுதல் வசதி தரும் செருகுநிரல்கள் (பிளகின்), தரவுத்தளத்தின் பயனர் அட்டவணைகள் ஆகியவை எல்லாத் தளங்களுக்கும் பொது. பதிவுகள், அமைப்புகள், பின்னூட்டங்கள் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அட்டவணைகள் உண்டு. எனவே மேம்படுத்தலுக்குப் பின் கோளாறு தெரிந்தால், எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன் அது எத்தனை தளங்களில், முகப்பிலா நிர்வாகப் பக்கத்திலா என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாத் தளங்களும் ஒன்றாக விழுந்திருந்தால் பொதுக் கோப்புகளிலோ, பிணையம் முழுவதற்கும் இயக்கப்பட்ட செருகுநிரலிலோ, வழங்கியில் (சர்வர்) வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி நிரல்மொழியின் பதிப்பிலோ தேட வேண்டும். ஒரு தளம் மட்டும் விழுந்திருந்தால் அந்தத் தளத்தின் அட்டவணைகள், அதன் தோற்றத்தைத் தரும் வார்ப்புரு (தீம்), அதில் மட்டும் இயங்கும் செருகுநிரல்கள் ஆகியவற்றோடு தேடலை நிறுத்திக்கொள்ளலாம். முதன்மைத் தளத்தை மட்டும் திறந்து பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுந்து போவதுதான் நிர்வாகிகள் வழக்கமாகச் செய்யும் தவறு.

அடுத்து, தரவுத்தள மேம்படுத்தல் முழுமையாக முடிந்ததா என்று பாருங்கள். கோப்புகள் புதியவையாகிவிட்டதால் தளங்களின் அட்டவணைகளும் புதுப்பிக்கப்பட்டுவிட்டன என்று கொள்ள முடியாது. பிணைய நிர்வாகத்தில் 'பிணையத்தை மேம்படுத்து' என்ற பக்கம் உண்டு. அது ஒரு முறைக்கு 5 தளங்களாக, புதிதாகத் தொடங்கிய தளத்திலிருந்து பழையதை நோக்கி நகர்கிறது. இடையில் உலாவியை மூடிவிட்டால் வேலை பாதியில் நின்றுவிடும், பழைய தளங்களே விடுபட்டுப் போகும். இந்தப் பக்கம் ஒவ்வொரு தளத்தின் முகவரியையும் வழங்கியிலிருந்தே அழைத்து வேலையை நடத்துகிறது என்பதால், வழங்கியால் தன்னிடமுள்ள தளத்தின் முகவரியையே அடைய முடியாதபோது, அதாவது தளப் பெயரை வழங்கியின் எண் முகவரியாக மாற்றும் பெயர் தீர்வு (டிஎன்எஸ்) தவறாக இருந்தாலோ, தீயரண் தடுத்தாலோ, அந்த இடத்தில் எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். எச்சரிக்கையில் வரும் தளத்தின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதன் முகவரியை வழங்கியின் கட்டளைவரியிலிருந்து அழைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். கட்டளைவரி வசதி உள்ளவர்கள் வேர்ட்பிரஸைக் கட்டளைவரியிலிருந்து நிர்வகிக்கும் டபிள்யூபி-சிஎல்ஐ கருவியில் பிணையம் முழுவதற்குமான தரவுத்தள மேம்படுத்தல் கட்டளையை இயக்கலாம். தளங்கள் மிகுந்த பிணையத்துக்கு உலாவியைவிட அதையே நான் நம்புவேன். காப்பகத்தில் வைக்கப்பட்ட தளங்களையும் நீக்கப்பட்டதாகவோ எரிதமாகவோ (ஸ்பேம்) குறிக்கப்பட்ட தளங்களையும் மேம்படுத்தல் பக்கம் தாண்டிச் சென்றுவிடும். பல மாதங்கள் கழித்து அவற்றில் ஒன்றை மீண்டும் திறக்கும்போது வரும் விசித்திரமான பிழைக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வெள்ளைத் திரையோ 'கடுமையான பிழை' அறிவிப்போ வந்தால், மீட்பு இணைப்போடு மின்னஞ்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள். 5.2 பதிப்பு முதல் தனித் தளங்களுக்குக் கிடைக்கும் அந்த வசதி பலதளப் பிணையத்தில் இயங்குவதில்லை. வேர்ட்பிரஸின் அடிப்படை அமைப்புகள் உள்ள டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் பிழை காணும் நிலையை இயக்கி, பிழைகள் பதிவுக் கோப்பில் மட்டும் எழுதப்படுமாறும் வாசகரின் திரையில் தோன்றாதவாறும் அமைத்துக்கொண்டு, பக்கத்தை மீண்டும் திறந்து, பதிவின் கடைசி வரிகளைப் படியுங்கள். குற்றவாளியின் கோப்புறைப் பெயர் பெரும்பாலும் அந்த வரியிலேயே இருக்கும். வேர்ட்பிரஸோடு சேர்த்துப் பிஎச்பியையும் 8.0-க்கு மேல் உயர்த்தியிருந்தால், அந்தப் பதிப்பில் நீக்கப்பட்ட செயற்கூறுகளை அழைக்கும் பழைய செருகுநிரல்கள் உடனே உடையும். இரண்டு மேம்படுத்தல்களையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். செய்தால் எது எதை உடைத்தது என்று பிரித்தறிய முடியாது.

குற்றவாளி தெரிந்துவிட்டால் அந்த ஒரு கோப்புறையின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். செருகுநிரல் கோப்புறை முழுவதன் பெயரையும் மாற்ற நேர்ந்தால், அந்நிலையில் நிர்வாகத்தின் செருகுநிரல்கள் பக்கத்தைத் திறக்கக் கூடாது. திறந்தால், கோப்புகள் இல்லாத செருகுநிரல்களை வேர்ட்பிரஸ் இயக்கப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். கோப்புறையைப் பழைய பெயருக்குக் கொண்டுவந்த பிறகும் ஒவ்வொன்றையும் கையால் இயக்க வேண்டியிருக்கும். எப்போதும் இயங்கும் செருகுநிரல்களுக்கான எம்யூ-பிளகின்ஸ் கோப்புறை தனியாக இருக்கிறது. அதையும், உள்ளடக்கக் கோப்புறையில் தற்காலிகச் சேமிப்பைக் கவனிக்கும் ஆப்ஜெக்ட்-கேஷ் கோப்பையும் சோதிக்கப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதன்மைத் தளம் சரியாக இருந்து, துணைத் தளங்களின் நிர்வாகப் பக்கம் மட்டும் அலங்காரமின்றி வெறும் எழுத்தாகத் தெரிந்தால், அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருளுக்கு முகவரி விதிகளைச் சொல்லும் எச்டிஅக்சஸ் கோப்பிலுள்ள பலதள விதிகள் போய், தனித் தள விதிகள் வந்துவிட்டன என்று ஐயப்படலாம். நிரந்தர இணைப்புப் பக்கத்தைச் சேமித்தால் இது சரியாகாது. பிணைய நிர்வாகத்தின் அமைப்புகளில் 'பிணைய நிறுவல்' பக்கம் காட்டும் விதிகளை நகலெடுத்து ஒட்ட வேண்டும். 2012 டிசம்பரில் வந்த 3.5-க்கு முன் தொடங்கிய பிணையங்களில் துணைத் தளப் படங்கள் பிளாக்ஸ்-டிர் என்ற கோப்புறையில் இருந்துகொண்டு தனி விதியின் வழியாகவே வெளிவருவதால், விதி தொலைந்தால் படங்களும் தொலையும்.

துணைத் தளத்தின் முகவரியைத் தட்டினால் பதிவுசெய்யும் பக்கத்துக்குப் போகிறதென்றால், அந்தப் பெயர், பிணையத்தின் தளங்களைப் பட்டியலிடும் டபிள்யூபி_பிளாக்ஸ் அட்டவணையில் உள்ளபடி இல்லை என்று பொருள். துணைத் தளங்களுக்குச் சொந்த இணைய முகவரிகளை இணைக்கப் பழைய செருகுநிரலையும், வேர்ட்பிரஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே இயங்கும் சன்ரைஸ் கோப்பையும் நம்பியிருந்த பிணையங்களில் இது நேரும். 2016-இல் வந்த 4.5 முதல் தளத்தைத் திருத்தும் பக்கத்திலேயே முழு முகவரியை இடலாம் என்பதால், முகவரிகளை அங்கே இட்டுச் சரிபார்த்த பிறகு, அந்தச் செருகுநிரலை விட்டுவிடலாம். சரியான கடவுச்சொல் கொடுத்தும் நுழைவுப் பக்கமே திரும்பத் திரும்ப வந்தால், டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் நுழைந்தவரை உலாவியில் நினைவில் வைக்கும் குக்கீ எந்த முகவரிக்குச் செல்லும் என்ற வரம்பு முதன்மைத் தளத்துக்கே கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடிவெடுத்தால் கோப்புகளை மட்டும் பழையவையாக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். மேம்படுத்தப்பட்ட அட்டவணைகளைக் கீழிறக்கும் வழி வேர்ட்பிரஸில் கிடையாது. கோப்புகளும் தரவுத்தளமும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்ட காப்புநகலிலிருந்து இரண்டையும் சேர்த்தே மீட்க வேண்டும். அந்த இடைவெளியில் துணைத் தளங்களில் எழுதப்பட்ட பதிவுகள் போய்விடும் என்பதால், அவற்றை எழுதியவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.