கீழ்க்காற்றை நம் ஊர்க் காற்றாகப் படிக்காதீர்கள்

எபிரெய வேதத்தில் கர்த்தர் காற்றையும் மழையையும் ஏவும் பகுதிகளில் நம்மவர்கள் முதலில் சறுக்குவது இறையியலில் அல்ல, திசையில். கிழக்கிலிருந்து வீசும் கீழ்க்காற்று என்றால் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கடற்காற்று. இஸ்ரவேலிலோ கடல் மேற்கே, பாலைவனம் கிழக்கே. அங்கே கீழ்க்காற்று அனல். பார்வோனின் கனவில் கதிர்களைத் தீய்த்ததும் (ஆதியாகமம் 41:6), யோனாவைச் சோர்ந்துபோகச் செய்ததும் (யோனா 4:8) அதுதான். மழை மேற்கிலிருந்து வரும். ஆகவேதான் பஞ்சம் முடிய மழைக்குக் காத்திருந்த எலியா தீர்க்கதரிசியின் வேலைக்காரன் கர்மேல் மலையில் ஏறிக் கடலைப் பார்க்கிறான். ஏழாம் முறை உள்ளங்கையளவு மேகம் எழும்புகிறது.

பருவமும் அப்படியே. அக்டோபர் வாக்கில் முன்மாரி, மார்ச்–ஏப்ரலில் பின்மாரி. பிறகு கோடை முழுக்க வானம் வறண்டு கிடக்கும். கோதுமை அறுப்பு மே–ஜூனில். அந்த நாளில் சாமுவேல் தீர்க்கதரிசி கர்த்தரிடம் இடியையும் மழையையும் கேட்டு வாங்கினார் (1 சாமுவேல் 12:17). கோடைமழையும் தென்மேற்குப் பருவமழையும் பார்த்துப் பழகிய நமக்கு, அதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஜனங்கள் ஏன் நடுங்கினார்கள் என்பது அவர்களுடைய பருவம் தெரிந்தால்தான் புரியும்.

அடுத்த தவறு, காரணம் சொன்னால் அற்புதம் போய்விடும் என்ற பயம். இஸ்ரவேலர் கடந்துபோகக் கடல் பிளந்த இடத்தில் "இராமுழுதும் பலத்த கீழ்க்காற்று" என்று வசனமே சொல்கிறது (யாத்திராகமம் 14:21). எகிப்தின் வாதைகளிலும் அப்படியே: வெட்டுக்கிளிகளைக் கீழ்க்காற்று கொண்டுவர, மேல்காற்று அடித்துக்கொண்டு போகிறது. கல்மழையில் கதிர்விட்ட வாற்கோதுமையும் சணலும் அழிந்தன. பின்பருவத்துக் கோதுமை தப்பியது (9:31-32). இவ்வளவு கறாராகப் பயிர்க்கணக்கு எழுதியவர் காற்றை மறைக்க நினைக்கவில்லை. "இயற்கை" என்று தனியாக ஒரு சொல்லே வேதகால எபிரெயத்தில் கிடையாது. "இயற்கையா, அற்புதமா?" என்பது நாம் கொண்டுபோய் வைக்கும் கேள்வி.

எலியா காலத்துப் பஞ்சத்தை, அன்று கானானியர் வணங்கிய பாகாலை விட்டுவிட்டுப் படிப்பதும் வீண். 1929 முதல் தோண்டிய, சிரியக் கடற்கரைப் பழம்பெரும் நகரான உகாரித்தின் களிமண் பலகைகளில் பாகால் மேகங்களில் ஏறிவருபவன், புயலுக்கும் மழைக்கும் அதிபதி. பனியும் மழையும் நின்றபோது அடி விழுந்தது அவனுடைய சொந்த இலாகாவில். அதற்காகக் கர்த்தரையும் இன்னொரு புயல் தெய்வமாக்கிவிடக் கூடாது: ஓரேப் மலையில் எலியா கண்ட பெருங்காற்றிலும் பூமியதிர்ச்சியிலும் அக்கினியிலும் அவர் இருக்கவில்லை (1 இராஜாக்கள் 19:11-12).

ஒவ்வொரு மழைக்கும் மனிதனின் நடத்தையைக் காரணம் காட்டுவோர் கீழ்ப்படிந்தால் மழை, விலகினால் வறட்சி என்னும் உபாகமம் 11-ஐ எடுப்பார்கள். யோபு 38:26-ஐயும் சேர்த்துப் படிக்க வேண்டும். மனுஷர் இல்லாத பூமியிலும் மழை பெய்கிறது.

யோனா புத்தகத்தில் அவரை விழுங்குவது பெரிய மீன், திமிங்கலம் அல்ல. அதைவிடப் பெரிய இழப்பு மொழிபெயர்ப்பில். நம் பழைய வேதாகமத்தில் மீனை "ஆயத்தப்படுத்தியிருந்தார்", பூச்சியைக் "கட்டளையிட்டார்". எபிரெயத்தில் மீன், ஆமணக்கு, பூச்சி, கீழ்க்காற்று நான்குக்கும் "மனா" (நியமித்தல்) என்ற ஒரே வினைதான்.