மார்ஷ்மெல்லோ பொம்மை உருண்டையாகிவிடாமல் இருக்க

இரண்டு பிஸ்கட்டுகளுக்கு நடுவே சாக்லேட்டையும் தீயில் வாட்டிய மார்ஷ்மெல்லோ என்னும் மெத்தென்ற உருளை வடிவ மிட்டாயையும் வைத்து அமெரிக்கர்கள் உண்ணும் ‘ஸ்மோர்’ வடிவில் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) பொம்மை பின்னுவோருக்கு, மார்ஷ்மெல்லோ பந்துபோல் உருண்டையாகிவிடுவதே பெரிய தலைவலி. 6 கண்ணிகளில் தொடங்கி, சுற்றுக்கு ஆறாகக் கூட்டி, 36 வந்ததும் கூட்டுவதை நிறுத்திவிட்டு, அடுத்த ஒரு சுற்றில் மட்டும் ஒவ்வொரு கண்ணியின் மேலுள்ள இரு இழைகளில் பின்பக்க இழையில் ஊசியை நுழைத்துப் பின்னினால், விளிம்பு மடிந்து பக்கச்சுவர் நேராக எழும்பும். நூல் உறையில் குறித்திருப்பதைவிடச் சற்று மெல்லிய ஊசியை எடுத்தால் (விரல் கொஞ்சம் வலிக்கும்தான்) இடுக்குகளில் பஞ்சு தெரியாது. ராயபுரம், காசிமேடு போன்ற கடலோரப் பகுதிகளின் ஈரக்காற்றில் இலவம்பஞ்சு கட்டிதட்டிவிடக்கூடும் என்பதால், துவைத்தாலும் விரைவில் உலரும் பாலியஸ்டர் பஞ்சையே திணிக்கவும். கைக்குழந்தைக்கான பொம்மையெனில், பிளாஸ்டிக் கண்களுக்குப் பதிலாகக் கறுப்பு நூலால் கண்களைத் தைத்துவிடவும்.