கல்லாவில் பில் வரவில்லையா? கடை நெட்வொர்க்கை அடிப்படையிலிருந்து புரிந்துகொள்வோம்

பினாங்கில் சின்னக் கடை நடத்துகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது: "அண்ணே, மழையில கரண்ட் போய் வந்துச்சு, அப்புறம் பில்லே அடிக்கல. பிரிண்டர் கெட்டுப்போச்சா?" பெரும்பாலும் பிரிண்டர் நன்றாகத்தான் இருக்கும், அதன் முகவரிதான் மாறியிருக்கும். ஆளைக் கூப்பிட்டுக் காத்திருக்காமல் இதை நீங்களே சரிசெய்யலாம். அதற்குத் தேவையான சொற்களை, பொருள் ஸ்கேன் ஆவதிலிருந்து பணம் கணக்கில் சேர்வது வரை போகும் வழியிலேயே பார்த்துவிடுவோம்.

படி 1: படம் வரையுங்கள்

ஒரு தாளில் கல்லாவில் உள்ள எல்லாவற்றையும் வரையுங்கள். விற்பனை மென்பொருள் ஓடும் கணினி அல்லது டேப்லட்தான் பிஓஎஸ். அதோடு ஸ்கேனர், பில் பிரிண்டர், பணப்பெட்டி, கார்டு மெஷின். சுவரோரம் ஃபைபர் வந்து சேரும் மோடம், அதற்குப் பக்கத்தில் ராவுட்டர். எந்த வயர் எதிலிருந்து எதற்குப் போகிறது என்று கோடு போடுங்கள். மோடம் வெளியே இருக்கும் இணையத்தோடு பேசுகிறது. கடைக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது ராவுட்டர். அந்த உள்வட்டத்துக்குப் பெயர் லேன். ராவுட்டரில் வயர் செருக இடம் போதாவிட்டால் ஸ்விட்ச் என்ற சின்னப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இணையம் போய்விட்டாலும் லேன் வேலை செய்யும். அதனால் 'லைன் இல்லை' என்பதும் 'பில் வரவில்லை' என்பதும் ஒரே கோளாறு அல்ல.

படி 2: ஸ்கேனர்

யுஎஸ்பி ஸ்கேனரைக் கணினி ஒரு விசைப்பலகையாகத்தான் பார்க்கும். நோட்பேடைத் திறந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஸ்கேன் செய்யுங்கள். 13 இலக்கம் விழுந்து கர்சர் அடுத்த வரிக்குப் போனால் ஸ்கேனர் சரி, கோளாறு மென்பொருளில். எண் 955 என்று தொடங்கினால் அது மலேசியாவில் பதிவான பார்கோடு. பொருள் இங்கேதான் தயாரானது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

படி 3: பணப்பெட்டி

பணப்பெட்டியின் வயர் டெலிபோன் வயர் மாதிரி இருக்கும், ஆனால் அது பிரிண்டரின் முதுகில் செருக வேண்டியது. பெட்டியைத் திறக்கச் சொல்லி மின்சாரம் அனுப்புவது பிரிண்டர்தான். பிரிண்டர் நின்றால் பெட்டியும் திறக்காது, ஆகவே சாவியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அந்த வயரை வேறு எந்தத் துளையிலும் செருகிப் பார்க்க வேண்டாம்.

படி 4: முகவரி

இதைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டும். லேனில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் வீட்டு எண் மாதிரி ஓர் ஐபி முகவரி உண்டு. 192.168.1.23 என்பது போல இருக்கும். 192.168 என்று தொடங்குபவை உள்ளே மட்டும் புழங்கும் எண்கள், அதனால் பக்கத்துக் கடையிலும் இதே எண் இருக்கலாம், மோதாது. எண்களைக் கொடுப்பது ராவுட்டர். அந்த ஏற்பாட்டின் பெயர் டிஎச்சிபி. கொடுத்த எண் நிரந்தரம் அல்ல. கரண்ட் போய் வந்ததும் நேற்று 23-ஆக இருந்த பிரிண்டருக்கு இன்று 31 கிடைக்கலாம். பிஓஎஸ் இன்னும் 23-க்கே பில்லை அனுப்பிக்கொண்டிருக்கும். கோளாறு இவ்வளவுதான்.

சரி, இப்போது பிரிண்டரை அணையுங்கள். பேப்பர் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் போடுங்கள். பல பிரிண்டர்களில் ஒரு சோதனைச் சீட்டு வரும். நெட்வொர்க் பிரிண்டராக இருந்தால் ஐபி முகவரியும், எழுத்தும் எண்ணுமாக 12 இடம் கொண்ட மேக் முகவரியும் பெரும்பாலும் அதில் இருக்கும். ஐபி மாறும், மேக் அந்தக் கருவியோடு பிறந்தது. ராவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் முகவரி ஒதுக்கீடு (Address Reservation) என்ற பகுதியைத் தேடி, இந்த மேக்குக்கு எப்போதும் இந்த ஐபிதான் என்று பதிந்துவிடுங்கள். பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு, அதே எண்ணை பிஓஎஸ் அமைப்பிலும் எழுதுங்கள். பக்கத்தில் போர்ட் 9100 என்று இருந்தால் தொட வேண்டாம், பில் பிரிண்டர்களுக்கு வழக்கமான எண் அதுதான். இனி எத்தனை மழை வந்தாலும் எண் மாறாது. ராவுட்டரையே மாற்றினால் மட்டும் புதிதாகப் பதிய வேண்டும்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க பிங் கட்டளை இருக்கிறது. கணினியின் கட்டளைத் திரையில் (Command Prompt) பிங் (ping) என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடம் விட்டு, பிரிண்டரின் எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் வழி திறந்திருக்கிறது. வராவிட்டால் முதலில் வயரைப் பாருங்கள்.

படி 5: வயரா, வைஃபையா?

பினாங்கின் லெபோ பாசார் தெருப் பக்கத்துப் பழைய கடைவீடுகள் முன்பக்கம் குறுகி, பின்னால் நீண்டுகொண்டே போகும். சுவரும் கெட்டி. முன்னால் உள்ள ராவுட்டரின் வைஃபை பின்னால் இருக்கும் சமையலறைக்குப் போவதற்குள் தேய்ந்துவிடும். அங்கே ஆர்டர் பிரிண்டர் வைக்கிறீர்கள் என்றால் வயர் இழுத்துவிடுங்கள், என் சிபாரிசு எப்போதும் அதுதான். கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எந்தக் கடைவீட்டுக்கும் அது போதும். வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் ராவுட்டரில் விருந்தினர் நெட்வொர்க்கைத் தனியாகத் திறந்து கொடுங்கள். கல்லா இருக்கும் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை வெளியாருக்குச் சொல்லவே கூடாது.

படி 6: பணம் வாங்கும்போது

ஒரு காசு நாணயம் 2008 ஏப்ரல் முதல் தேதியோடு கல்லாவை விட்டுப் போனது. ரொக்கத்துக்கு மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 காசுக்குக் கொண்டுபோக வேண்டும்: 23 வெள்ளி 47 காசு என்றால் 23.45, 48 காசு என்றால் 23.50. பொருள் பொருளாகச் செய்யக்கூடாது, பில்லின் கடைசி வரியில் மட்டும்தான். மென்பொருளில் இந்த அமைப்பு ஓடுகிறதா என்று பாருங்கள்.

போனில் பணம் அனுப்ப மேசையில் ஒட்டிய டூயிட்நவ் க்யூஆர் அட்டை உங்கள் பிஓஎஸ்ஸோடு பேசாது. பணம் வந்ததா என்பதை உங்கள் செயலியில் பார்த்த பிறகே சாமானைக் கொடுங்கள், வாடிக்கையாளர் தன் போனில் காட்டும் படத்தை நம்பி அல்ல. தொகையோடு திரையில் தோன்றும் க்யூஆர் வேறு வகை, அதில் பிஓஎஸ்ஸுக்கே தகவல் வரும்படி இணைக்க முடியும்.

கடை மூடும்போது எக்ஸ் ரிப்போர்ட், இசட் ரிப்போர்ட் என்று இரண்டு பொத்தான் இருக்கும். எக்ஸ் என்பது இதுவரையான விற்பனையைப் பார்ப்பதற்கு மட்டும், எத்தனை முறையும் எடுக்கலாம். இசட் அன்றைய கணக்கை மூடிவிடும், நாளுக்கு ஒரு தடவை எடுங்கள். கார்டு மெஷினில் அன்றைய கார்டு விற்பனையை வங்கிக்கு அனுப்பும் செட்டில்மெண்டையும் அதே நேரத்தில் முடித்து, அந்தச் சீட்டையும் இசட் சீட்டையும் சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். இரண்டிலும் கார்டு தொகை ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் வெப்பத்தில் அச்சாகும் தாள், எழுத்து மங்கும். அதனால் அன்றே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.