ஆஸ்திரேலியர்களோடு வேலை பார்ப்பவர்களுக்கு: பெயர் சொல்லி அழைப்பதில் இருந்து பார்பிக்யூ வரை

முதல் நாளிலேயே 'சார்', 'மேடம்' இரண்டையும் விட்டுவிடுங்கள். மேலாளரோ, நிறுவனத் தலைவரோ, வாடிக்கையாளரோ, யாராக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும். நமக்கு மரியாதையாகத் தெரியும் 'சார்', அவர்களுக்கு இடைவெளியாகத் தெரிகிறது. 'ஹாய்' என்று பெயரோடு தொடங்கி 'தேங்க்ஸ்' என்று முடித்தால் மின்னஞ்சலுக்குப் போதும்.

உங்கள் பெயரையும் கவனியுங்கள். அப்பா பெயர் முதல் பெயருக்கான கட்டத்தில் ஏறிவிட்டால், அலுவலகம் முழுக்க அப்பா பெயரால்தான் உங்களைக் கூப்பிடும். எந்தப் பெயரில் அழைக்க வேண்டும் என்பதை மின்னஞ்சலின் கையொப்பத்தில் தெளிவாகப் போடுங்கள். நீளமான பெயரை அவர்களாகவே சுருக்குவார்கள். பிடிக்கவில்லை என்றால் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் 'முடியாது' என்று சொல்வதில்தான். 'பார்க்கிறேன்', 'முயற்சி பண்றேன்' என்று நாம் நாசூக்காகத் தட்டிக்கழிப்பதை அவர்கள் ஒப்புதலாகவே எடுத்துக்கொள்வார்கள். கூட்டத்தில் பேசாமல் இருந்தாலும் சம்மதம்தான். வியாழக்கிழமை தரவேண்டிய வேலை தள்ளிப்போகும் என்று செவ்வாய்க்கிழமை தெரிந்தால், அன்றே எழுதுங்கள். எது தாமதம், ஏன், புதிய தேதி என்ன என்று மூன்று வரி போதும், நீண்ட மன்னிப்பு வேண்டாம். தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்; கடைசி நாள் வரை மறைத்ததை மறக்க மாட்டார்கள். மேலாளரின் யோசனையில் பிழை இருந்தால் கூட்டத்திலேயே காரணத்தோடு சொல்லலாம். அதை அவமரியாதையாக நினைக்க மாட்டார்கள்.

அவர்கள் சொல்வதையும் அளந்து கேட்க வேண்டும். 'நாட் பேட்' என்றால் நல்ல பாராட்டு. 'இதை இன்னொரு தடவை பார்த்தா நல்லாருக்கும்' என்கிற தொனியில் மேலாளர் பேசினால், அது திருத்தச் சொல்லும் உத்தரவு. லேசான கிண்டல் பெரும்பாலும் உங்களைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொண்டதன் அடையாளம், சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நிறம், இனம், உடல் பற்றிய பேச்சு கிண்டலில் சேராது. நீங்களும் பேசாதீர்கள், உங்களிடம் பேசினாலும் பொறுத்துப் போகாதீர்கள். பட்டங்களையும் பதவிகளையும் அடுக்குவது எடுபடாது. செய்த வேலையைச் சொல்லி, குழுவின் பங்கையும் சேர்த்துச் சொன்னால் மதிப்பு கூடும்.

பத்து மணிக் கூட்டம் பத்துக்கே தொடங்கும். சென்னையில் இருந்தோ கொழும்பில் இருந்தோ பேசுபவர்கள் நேர வித்தியாசத்தை ஆண்டுக்கு இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். சிட்னி, மெல்பர்ன் சாதாரணமாக 4.30 மணி நேரம் முன்னே. அக்டோபர் முதல் ஞாயிறு தொடங்கி ஏப்ரல் முதல் ஞாயிறு வரை 5.30 மணி நேரம் முன்னே. பிரிஸ்பேனும் பெர்த்தும் கடிகாரத்தை மாற்றுவதில்லை: பிரிஸ்பேன் எப்போதும் 4.30, பெர்த் 2.30. உங்கள் மதியம் இரண்டு மணி, ஜனவரியில் சிட்னியில் இரவு ஏழரை. 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பையும் செய்தியையும் நியாயமான சூழலில் கவனிக்காமல் இருக்க ஊழியர்களுக்குச் சட்ட உரிமை உண்டு. 15 பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்கு அது ஓராண்டு கழித்து வந்தது. இரவில் அனுப்பிவிட்டு உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள். அவர்களின் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிவதால் ஜூனில் கணக்குப் பிரிவுக்கு மூச்சு விட நேரமிருக்காது. கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை பெரிய முடிவு எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

சில கூட்டங்களின் தொடக்கத்தில், அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு மரியாதை தெரிவிக்கும் வாசகத்தைச் சொல்வார்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அமைதியாகக் கேளுங்கள். நீங்கள் சொல்ல நேர்ந்தால் எந்த மக்களின் நிலம் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: சிட்னி நகர மையம் கேடிகல் மக்களுடையது, அடிலெய்டு கௌர்னா மக்களுடையது. வரவேற்புச் சடங்கு இதிலிருந்து வேறு. அதை அந்த நிலத்தின் பூர்வகுடியினரே நடத்துவார்கள். ஜனவரி 26 ஆஸ்திரேலியாவின் தேசிய நாளாக இருந்தாலும், பூர்வகுடிகள் பலருக்கு அது துக்க நாள். வாழ்த்து அனுப்பும் முன் யோசியுங்கள்.

வேலை முடிந்து பப்புக்குப் போனால் 'ஷவுட்' முறை நடக்கும். ஒருவர் ஒரு சுற்று எல்லோருக்கும் வாங்குவார், அடுத்த சுற்று அடுத்தவர். வாங்கிக் குடித்துவிட்டு உங்கள் முறை வருமுன் கிளம்பினால் அது நன்றாகவே நினைவில் இருக்கும். மது தொடாதவர் குளிர்பானம் கேட்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சுற்றில் சேர விருப்பமில்லை என்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டுத் தனியாக வாங்கலாம். 'லெமன் லைம் அண்ட் பிட்டர்ஸ்' குளிர்பானம் போலத் தெரிந்தாலும் அதில் சேரும் பிட்டர்ஸில் ஆல்கஹால் உண்டு. உணவகத்தில் டிப்ஸ் கட்டாயமில்லை.

வீட்டு அழைப்பில் 'பிரிங் எ பிளேட்' என்றிருந்தால் பகிர்ந்து சாப்பிட ஒரு பதார்த்தத்தோடு போக வேண்டும், வெறும் தட்டோடு அல்ல. 'பி ஒய் ஓ' என்றால் குடிக்க வேண்டியதை நீங்களே கொண்டுபோக வேண்டும். சைவம் என்றால் வருவதை உறுதி செய்யும்போதே சொல்லுங்கள். பார்பிக்யூவில் இறைச்சிதான் முதலில் இருக்கும். கேட்காமல் கூடுதல் ஆளைக் கூட்டிப்போகாதீர்கள். சம்பளம், வயது, இன்னும் ஏன் கல்யாணம் ஆகவில்லை, இவற்றைக் கேட்காதீர்கள். வானிலை, விடுமுறைத் திட்டம், கிரிக்கெட், 'ஃபுட்டி' எனும் அவர்கள் ஊர்க் கால்பந்து என்று பேச நிறைய இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எடுத்துவைக்க எழுந்து உதவுங்கள், மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள்.